நம்பத்தகாதவை: வரிசை எண் ஏழு

மே 9
வானிலை நிலையம், பலூன் பிரிவு

மதிப்பிற்குரிய முனைவர் அம்மையார் அவர்களுக்கு,

நலம். தாங்களும் நலமாகவே இருப்பீர்கள். அடுத்தவர் தலையில் கல்லைப் போட்டவர்களுக்கு நல்ல தூக்கம் வருமாம், கேள்விப்பட்டிருக்கிறேன்.

நேற்று மேலிடத்து ஆணை வந்தது. ஆகஸ்ட் 31-ஓடு இந்த நிலையத்தில் பலூன் விடுவது நிறுத்தப்படும். செப்டம்பர் ஒன்றாம் தேதி முதல் நான் மழைமானி பார்க்கலாம், கோப்பு அடுக்கலாம். காரணம் என்ன என்று பார்த்தால் ஒரு அறிக்கையின் இணைப்பில் "நம்பத்தகாத நிலையங்கள்" என்று ஒரு பட்டியல் இருக்கிறது. மொத்தம் ஒன்பது. ஏழாவது நாங்கள். அறிக்கையை எழுதியவர் யார் என்று முதல் பக்கத்துக்குத் திருப்பினால் என் வீட்டுக்காரரின் கூடப்பிறந்த தங்கை! வாழ்க.

மேலிடத்துக்கு மனுப் போடலாம் என்றார்கள். சாட்சிக்காரன் காலில் விழுவதைவிடச் சண்டைக்காரன் காலில் விழலாம் என்பார்கள். நான் யார் காலிலும் விழவில்லை, நிமிர்ந்து உட்கார்ந்தே எழுதுகிறேன். போனில் பேச வேண்டாம். போன தடவை நாம் இருவரும் போனை வைத்த வேகத்தில் உங்கள் அண்ணன் இரண்டு நாள் கடையிலேயே சாப்பிட்டார். பாவம், மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

பத்தொன்பது வருடமாக நான் இங்கே பலூன் விடுகிறேன். பகலில் ஒன்று, இரவில் ஒன்று. என் முறை இல்லாத நாளில் இன்னொருவர் முறை. கேஸ் நிரப்பி, பலூனின் கழுத்தைக் கட்டி, கயிற்றின் நுனியில் வெப்பம் அளக்கும் பெட்டியைத் தொங்கவிட்டு, கையில் ஏந்தி ஓடி, விட வேண்டிய நொடியில் விட வேண்டும். பிறகு ஒன்றரை மணி நேரம் அது மேலிருந்து சொல்வதையெல்லாம் எழுத வேண்டும். புயல் நாளிலும் விட்டிருக்கிறேன். கல்யாணமான மறுநாளும் விட்டிருக்கிறேன், தங்களுக்கே தெரியும், தாங்கள்தான் கேஸ் அறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள்.

வானம் உங்கள் கம்ப்யூட்டர் சொன்னபடி நடக்கவில்லை என்றால் வானத்தைப் பிடித்து அடிப்பதா, அல்லது வானத்தைப் பார்த்து எழுதியவளை அடிப்பதா? என் பதிவேட்டில் ஒரே ஒரு பொய்யைக் காட்டுங்கள். காட்டிவிட்டால் நானே வாயை மூடிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வரிசை எண் ஏழு


மே 20
பல்கலைக்கழகம், மூன்றாம் மாடி

அன்புள்ள அண்ணி,

திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். "தாங்கள்", "அம்மையார்" என்று எழுதியதுதான் தாங்கவில்லை. பன்னிரண்டு வயதில் எனக்குத் தலை பின்னிவிட்டவர் நீங்கள்.

முதலில் ஒன்று. பலூனை நிறுத்தச் சொல்லி நான் எழுதவில்லை. என் கணக்கில் அந்த ஒன்பது நிலையங்களைச் சேர்க்க முடியவில்லை என்றுதான் எழுதினேன். மேலிடத்தில் யாரோ அதை எடுத்து வெட்டுவதற்குக் கத்தியாக்கிவிட்டார்கள். உங்கள் கடிதம் பார்த்துத்தான் எனக்கே தெரியும். ஆனாலும் கத்தி என்னுடையதுதான், அதை மறுக்கவில்லை.

இரண்டாவது, ஏன் சேர்க்க முடியவில்லை என்பது. அண்ணன் தன் கடையில் பிரிட்ஜைப் பிரித்துப் போட்டுக்கொண்டு சொல்வாரே, "உள்ள எடுத்த சூட்ட பின்னால கொண்டுபோய்க் கொட்டுது, அவ்ளோதான் வித்தை" என்று. நம்மைப் போன்ற வெப்பமான நாடுகளின் வானமும் அதைத்தான் செய்கிறது. கடல்நீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு ஏறுகிறது. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் மேலே மேகமாகித் தண்ணீராகும்போது அந்தச் சூட்டை அங்கே கொட்டுகிறது. தரையும் கடலும் சூடாகச் சூடாக ஆவி அதிகம், மேலே கொட்டும் சூடும் அதிகம். கீழே ஒரு பங்கு சூடு கூடினால் மேலே கிட்டத்தட்ட இரண்டு பங்கு கூட வேண்டும்.

இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் இல்லை. தன்னைவிடக் குளிர்ந்த காற்று மேலே இருந்தால்தான் கீழ்க்காற்று ஏறும். மேலே இப்படிச் சூடு கூடினால் கீழ்க்காற்று முன்போல் சுலபமாக ஏறாது, வானம் நிலைத்து நின்றுவிடும். மழைமேகம் எழக் கடல் எவ்வளவு சூடாக வேண்டும் என்ற வாசற்படியே உயர்ந்துவிடும். அந்தப் படி எவ்வளவு உயர்ந்தது என்று தெரியாமல் நாளைய மழையைப் பற்றி நான் வாய் திறக்க முடியாது.

உங்கள் நிலையத்தில் கீழே சூடு கூடியிருக்கிறது, மேலே அந்த இரண்டு பங்கு கூடவில்லை. அதைவிட விசித்திரம், பதினோரு வருடத்துக்கு முன் மேல்வானத்து வெப்பம் படிக்கட்டில் கால் வைத்ததுபோல் சட்டென்று ஒரு படி இறங்குகிறது. வானம் அப்படி இறங்காது அண்ணி. ஏதோ மாறியிருக்க வேண்டும்.

நான் கேட்காமல் வெட்டவில்லை. எல்லா நிலையங்களுக்கும் படிவம் அனுப்பினேன். "கருவியிலோ, செய்முறையிலோ மாற்றம் உண்டா?" உங்கள் நிலையத்தின் பதில் என் முன்னால் இருக்கிறது. "மாற்றம் ஏதுமில்லை." கீழே கையெழுத்து உங்களுடையது.

உங்கள்,
சின்னவள்


ஜூன் 2

சின்னவளுக்கு,

"தாங்கள்" என்று எழுதியது உறைத்ததா? உறைக்கத்தான் எழுதினேன்.

ஆமாம், கையெழுத்து என்னுடையதுதான். இன்னொரு தடவை படிவம் அனுப்பு, அதையேதான் எழுதுவேன். பதினோரு வருடத்துக்கு முன்னால் பழைய முற்றத்திலிருந்து இந்தத் திறந்த மைதானத்துக்கு மாறினோம், முந்நூறு மீட்டர் தூரம். அது உனக்கும் தெரியும், ஆவணத்திலும் இருக்கிறது. முந்நூறு மீட்டர் நகர்ந்ததற்கா பன்னிரண்டு கிலோமீட்டர் மேலே குளிர்ந்துவிடும்? அதே கம்பெனிப் பெட்டி, அதே பலூன், அதே கேஸ், அதே ஆட்கள்.

உன் கடிதத்தை உங்கள் அண்ணனிடம் படித்துக் காட்டினேன். பிரிட்ஜ் உதாரணத்தைக் கேட்டு மனிதர் ஒரு சுற்றுப் பெருத்துவிட்டார். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், "வானமே நம்ம லைன்தான் சார்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

கோபம் ஆறிய நேரத்தில் உன் அறிக்கையை முழுதாகப் படித்தேன். ஒரு இடத்தில் முட்டிக்கொண்டது. நாற்பத்திரண்டாம் பக்கத்தில் மாதச் சராசரி என்று போட்டிருக்கிறாய். பகல் பலூன், இரவுப் பலூன் இரண்டையும் ஒன்றாகக் கலக்கியா போட்டாய்? அடிப்பாவி. இங்கே நாங்கள் பகலைக் கறுப்பு மையிலும் இரவைச் சிவப்பு மையிலும் எழுதுகிறோம். ஒரு வீட்டில் பிறந்தாலும் இரண்டும் இரண்டு பிள்ளைகள், குணம் வேறு. பகலில் வெயிலில் காய்ந்துகொண்டே போகிற பலூனும் இருட்டில் போகிற பலூனும் ஒன்றா? புதிதாகச் சேர்ந்த ஆள்கூட முதல் வாரத்தில் இதைக் கற்றுக்கொள்வான்.

மூன்றாம் மாடியிலிருந்து பார்த்தால் மை நிறம் தெரியாது போலிருக்கிறது. பிரித்துப் போட்டுப் பார். என் நிலையத்தைக் குறை சொல்வதாக இருந்தால் அதற்குப் பிறகு சொல்.

அண்ணி


ஜூன் 11

அண்ணி! அண்ணி! அண்ணி!

பிரித்துப் பார்த்தேன். நேற்று மத்தியானம் மூன்று மணி. வராந்தாவில் போட்ட சத்தத்தில் பக்கத்து அறைப் பேராசிரியர் தீ விபத்து என்று நினைத்துப் பையோடு வெளியே வந்துவிட்டார்.

சிவப்பு மையில் படியே இல்லை! உங்கள் இரவுப் பலூன்களை மட்டும் எடுத்தால் பத்தொன்பது வருடமும் ஒரே சீராக ஏறுகிறது. தரையில் பத்தில் நான்கு டிகிரி கூடியிருக்கிறது. பன்னிரண்டு கிலோமீட்டரில் பத்தில் எட்டு. கீழே நாலு, மேலே எட்டு. இதைத்தான் கணக்கு சொல்கிறது, இதைத்தான் நாங்கள் இத்தனை காலமாகத் தேடிக்கொண்டிருக்கிறோம். இவ்வளவு சுத்தமாக எந்த நிலையத்திலும் நான் பார்த்ததில்லை. நம்பத்தகாத வரிசை எண் ஏழில் உட்கார்ந்திருக்கிறது!

கறுப்பு மையில்தான் அந்தப் படி. முதல் எட்டு வருடம் பகல் பலூன்கள் மேல்வானத்தை உள்ளதைவிடச் சூடாகச் சொல்லியிருக்கின்றன. பிறகு சரியாகச் சொல்லத் தொடங்கிவிட்டன. அந்த இறக்கம் உண்மையான ஏற்றத்தை விழுங்கிவிட்டது. நான் இரண்டையும் ஒரே பானையில் போட்டுக் கிண்டியதால் எனக்குத் தெரியவில்லை. நாற்பத்திரண்டாம் பக்கம் என் முட்டாள்தனம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் போவதில்லை, எங்கே சொல்ல வேண்டுமோ அங்கே சொல்லுவேன்.

ஆனால் அதற்கு முன்னால், ஏன் என்று தெரிய வேண்டும். பகலில் மட்டும் என்றால் வெயில் சம்பந்தப்பட்டது. முற்றம் மாறிய மாதத்தில் ஏதோ ஒன்று மாறியிருக்கிறது. ஆகஸ்ட் 19 அன்று என் அறிக்கையைப் பரிசீலிக்கும் ஆய்வுக்குழு கூடுகிறது. காரணம் இல்லாமல் போனால், "இரவை வச்சுக்கிட்டுப் பகல விட்டுட்டீங்களா, வசதியா இருக்கே" என்று சிரிப்பார்கள். கோபப்படாமல் யோசியுங்கள். கையெழுத்துப் போட்டதை மறந்துவிட்டு யோசியுங்கள். உண்மையிலேயே எதுவும் மாறவில்லையா?

சின்னவள்


ஜூன் 24

சின்னவளுக்கு,

பத்து நாளாகப் பேனா எடுக்க முடியவில்லை. சொல்லிவிடுகிறேன்.

உன் கடிதம் வந்த மறுநாள் பழைய முற்றத்துக்குப் போனேன். இப்போது அது வண்டி நிறுத்துமிடம். வண்டிகளுக்கு நடுவே நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டு சுற்றுவதைக் காவலாளி கவனித்துவிட்டார்.

"என்னம்மா தேடுறீங்க?"

"பதினோரு வருஷத்துக்கு முந்தி விட்ட பலூன."

"அது இந்நேரம் போயிருக்கும்மா" என்றார். நியாயமான பதில்தான்.

அங்கே இன்னும் அந்தத் தண்ணீர்த் தொட்டி நிற்கிறது. நான்கு கால், மேலே சிமெண்ட் தொட்டி. கேஸ் அறை வாசலிலிருந்து நடந்து பார்த்தேன், இருபத்தாறு அடி. அங்கே நின்றபோதுதான் கயிறு ஞாபகம் வந்தது.

பலூனுக்கும் பெட்டிக்கும் நடுவே கயிறு முப்பது மீட்டர் இருக்க வேண்டும் என்பது விதி. அந்த முற்றத்தில் முப்பது மீட்டர் விட்டால் பலூன் தொட்டியைத் தாண்டிச் சாய்ந்துவிடும், கடற்காற்று இழுக்கும், பெட்டி தொட்டியில் போய் மோதிச் சுக்குநூறாகும். நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்னாலேயே அப்போதிருந்த பொறுப்பாளர் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தார். "கயிறு: பத்து மீட்டர்." கட்டு பிரித்ததும் கத்திரிக்கோலால் மூன்றில் ஒரு பங்காக வெட்டுவோம். எட்டு வருடம் வெட்டினேன். மைதானத்துக்கு வந்ததும் தொட்டி இல்லை, வெட்டவும் தேவையில்லை. யாரும் எதையும் முடிவு செய்யவில்லை. கத்திரிக்கோல் டிராயருக்குள் போனது, அவ்வளவுதான்.

பதிவேட்டில் கயிற்றுக்கு ஒரு கட்டம் உண்டு. அதில் என்ன எழுதினோம் தெரியுமா? "விதிப்படி." எட்டு வருடமும் "விதிப்படி". சுவரில் இருந்ததுதான் எங்களுக்கு விதி. மைதானத்துக்கு வந்த பிறகும் "விதிப்படி". உன் படிவம் வந்தபோது பதிவேட்டைப் புரட்டினேன். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரே வார்த்தை. மாற்றம் ஏதுமில்லை என்று நெஞ்சில் கைவைத்து எழுதினேன்.

ஒரு பொய்யைக் காட்டு என்று உனக்குச் சவால் விட்டேன். நாளுக்கு ஒன்றாக எழுதியிருக்கிறேன், என் கையாலேயே. அழுதேன், எதற்கு மறைக்க வேண்டும். உங்கள் அண்ணன் என் பங்குப் பாத்திரத்தையும் சேர்த்துக் கழுவினார்.

இப்போதைய பொறுப்பாளரிடம் சொன்னேன். நல்ல மனிதர், பயந்த மனிதர். "எழுத்துல குடுக்காதீங்கம்மா. நம்பத்தகாதவைன்னு அவங்க எழுதினதுக்கு நாமளே சீல் வெச்ச மாதிரி ஆயிடும். மூடுறதுதான் மூடுறாங்க, உங்க பேராவது கெடாம இருக்கட்டும்" என்றார். அவர் சொல்வதும் சரிதான். ஆனால் என் பெயர் கெடாமல் இருந்து, பலூன் நின்றுபோய், உன் கணக்கிலும் தப்பு நின்றுபோனால் அந்தப் பெயரை வைத்து நான் என்ன செய்வது?

இத்துடன் இரண்டு பக்க வாக்குமூலம் இருக்கிறது. தேதி, கயிற்றின் நீளம், யார் யார் முறையில் இருந்தோம், எல்லாம். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். எப்படிப் பயன்படுத்த வேண்டுமோ பயன்படுத்திக்கொள்.

அண்ணி


ஜூலை 1

என் தங்க அண்ணி,

நாற்காலியில் உட்கார்ந்து படிக்கத் தொடங்கி நின்றுகொண்டு முடித்தேன்.

கயிறுதான்! பகலில் வெயில் பட்டுப் பலூனின் தோல் சூடாகிறது. அது உரசிப்போகிற காற்றும் சூடாகி அதன் பின்னாலேயே இறங்குகிறது. முப்பது மீட்டர் கீழே தொங்கினால் பெட்டி அதிலிருந்து தப்பித்துவிடும். பத்து மீட்டர் என்றால் அந்தச் சூட்டிலேயே குளித்துக்கொண்டு போகும். மேலே போகப் போகக் காற்று மெலிவதால் தப்பு இன்னும் பெரிதாகும். இரவில் வெயில் இல்லை, தப்பும் சொல்லும்படி இல்லை. சிவப்பு மை ஏன் சரி, கறுப்பு மை ஏன் தவறு, ஏன் அந்த மாதத்தில் படி இறங்கியது, எல்லாக் கேள்விக்கும் உங்கள் இரண்டு பக்கத்தில் பதில் இருக்கிறது. ஆறு வருடப் படிப்பும் ஏழு வருட ஆராய்ச்சியும் சேர்ந்து எனக்குச் சொல்லாததை ஒரு தண்ணீர்த் தொட்டி சொல்லிவிட்டது.

நீங்கள் எழுதியதைப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். யானைக்கும் அடி சறுக்கும். சறுக்கிய இடத்தைத் தானே போய் அளந்து, கையெழுத்துப் போட்டு அனுப்பிய யானையை நான் இப்போதுதான் பார்க்கிறேன். நானாக இருந்தால் செய்திருப்பேனா என்று இரண்டு நாளாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் குழுவுக்குக் கதை போதாது, அளவு வேண்டும். ஒரே பலூனில் இரண்டு பெட்டி கட்ட முடியுமா? ஒன்று பத்து மீட்டரில், ஒன்று முப்பதில். இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே வானத்தில் ஏற வேண்டும். இரண்டாவது பெட்டியின் சிக்னலைப் பிடிக்க எங்கள் ஆய்வகத்து ரிசீவரை இன்றே பார்சலில் அனுப்புகிறேன். பெட்டிகளும் பன்னிரண்டு அனுப்புகிறேன். ஆய்வகத் தலைவரிடம் கேட்டதற்கு, "திரும்பி வருமா?" என்றார். "ரிசீவர் வரும், பெட்டி வானத்துக்குப் போகும்" என்றேன். கையெழுத்துப் போட்டுவிட்டார்.

ஆகஸ்ட் 19-க்குள் முடியுமா அண்ணி?

சின்னவள்


ஜூலை 28

சின்னவளே,

முடியுமா என்றா கேட்டாய்? முடித்தாயிற்று!

முதல் பலூன் சொதப்பல். இரண்டு பெட்டியும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு மைதானத்து வேலியில் போய் உட்கார்ந்தன. பொறுப்பாளர் முகம் செத்துவிட்டது. அன்று சாயங்காலம் உங்கள் அண்ணன் கடையிலிருந்து பழைய பிரிட்ஜின் அலமாரிக் கம்பி ஒன்றைக் கொண்டுவந்தார். கயிறுகளை விலக்கிப் பிடிக்க அதைக் குறுக்குக் கட்டையாகக் கட்டினோம். மறுநாளிலிருந்து ஒன்றுகூடப் பின்னவில்லை. "வானம் நம்ம லைன்தான்னு சொன்னேன்ல" என்று ஒரு வாரமாக என் உயிரை வாங்குகிறார்.

ஏழு பகல், நான்கு இரவு. முழுக் கணக்கும் தனித் தாளில் இருக்கிறது, நீயே பார். நான் சுருக்கமாகச் சொல்கிறேன். ஏழு பகலிலும் பன்னிரண்டு கிலோமீட்டரில் சின்னக் கயிற்றுப் பெட்டி கிட்டத்தட்ட அரை டிகிரி அதிகமாகச் சொல்கிறது. ஏழிலும்! மேகம் மூடிய நாள் ஒன்று இருந்தது, அன்று கீழே வித்தியாசமே இல்லை, மேகத்தைத் தாண்டி வெயிலுக்குள் போனதும் இரண்டு கோடும் பிரிந்தன. பலூனுக்குக் கேஸ் நிரப்பும் கேஸ்காரர் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "பிரியுது, பிரியுது!" என்று அவர் கத்தியதில் வாசலில் நின்ற தபால்காரரும் உள்ளே வந்துவிட்டார். இரவு நான்கிலும் இரண்டு கோடும் ஒட்டிக்கொண்டே போயின.

எழுத்தில் கொடுக்க வேண்டாம் என்ற பொறுப்பாளர் இருக்கிறாரே, மூன்றாவது நாளிலிருந்து அவர்தான் கயிறு பிடிக்கிறார். யாரிடமும் கொடுப்பதில்லை. கடைசித் தாளின் அடியில், "என் முன்னிலையில் அளக்கப்பட்டது" என்று எழுதி அவரே கையெழுத்தும் போட்டார். நாங்கள் யாரும் கேட்கவில்லை.

எட்டு வருடமாக நான் வெட்டிப்போட்ட கயிற்றின் தப்பு அரை டிகிரி. இனி அந்த அரை டிகிரியைக் கழித்தால் என் பழைய பகல் பலூன்கள் அத்தனையும் உயிரோடு எழுந்துவிடும் அல்லவா? கழித்துவிட்டு எழுது. நான் நகத்தைக் கடித்துக்கொண்டு காத்திருக்கிறேன், நாற்பத்தைந்து வயதில்.

அண்ணி


ஆகஸ்ட் 20

வெற்றி பெற்ற அண்ணிக்கு,

முதலில் எண். கழித்தேன். பகல் பலூன்கள்: கீழே நாலு, மேலே எட்டு. இரவு: கீழே நாலு, மேலே எட்டு. கறுப்பும் சிவப்பும் ஒன்றின் மேல் ஒன்றாகப் படுத்துவிட்டன.

இனி நேற்று நடந்தது. நீள மேசை, பதினான்கு பேர், எல்லார் கையிலும் என் பழைய அறிக்கை. நான் எழுந்து முதல் வாக்கியமாகவே, "நாற்பத்திரண்டாம் பக்கம் தவறு, செய்தது நான்" என்றேன். யாரும் எதிர்பார்க்கவில்லை. சொன்னபிறகு தலையிலிருந்து மூட்டையை இறக்கியதுபோல் இருந்தது. பிறகு உங்கள் வாக்குமூலத்தைப் படித்தேன், ஒரு வரி விடாமல். பிறகு பதினொரு பலூன்களின் கோடுகளைத் திரையில் போட்டேன்.

நிறுத்தும் ஆணை எழுதிய துணை இயக்குநர் கடைசி நாற்காலியில் இருந்தார். கோடுகளை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்.

"இந்த ஸ்டேஷன்ல உங்க சொந்தக்காரங்க யாரோ வேலை பாக்குறாங்களாமே?"

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"ஆமா சார், என் அண்ணி" என்றேன். "போன அறிக்கையில அந்த ஸ்டேஷன நான் வெட்டினப்பவும் அவங்க என் அண்ணிதான். அப்ப யாரும் என்கிட்ட இதக் கேக்கல."

குழுத் தலைவி வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அந்தம்மா சிரித்து யாரும் பார்த்ததில்லை என்கிறார்கள். பிறகு அவர் துணை இயக்குநர் பக்கம் திரும்பி, "தன் தப்பை எட்டு வருஷத்துக்குத் தேதி போட்டு எழுதிக் குடுக்கிற ஸ்டேஷன நம்பலன்னா, வேற யாரை நம்பப் போறோம்?" என்று கேட்டார். அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

முடிவுகள்: உங்கள் நிலையம் பட்டியலிலிருந்து நீக்கம். பலூன் தொடர வேண்டும் என்று பரிந்துரை, ஒருமனதாக. அதோடு மற்ற எட்டு நிலையங்களுக்கும் புதிய படிவம் போகிறது. அதில் "மாற்றம் உண்டா" என்ற கேள்வி இல்லை. "கயிறு எத்தனை மீட்டர், யார் அளந்தது, எதிரே என்ன இருந்தது" என்று கேட்கிறோம். நேற்றைக்கே ஒருவர் போனில், "எங்க ஸ்டேஷன்ல ஒரு மரம் இருந்துச்சு மேடம்" என்று தொடங்கினார். அண்ணி, ஒன்பதும் எழுந்துவிடும் போலிருக்கிறது! வானம் எவ்வளவு நிலைத்துவிட்டது, மழையின் வாசற்படி எவ்வளவு உயர்ந்தது என்று முதல் தடவையாக நாம் கையை வைத்துக் காட்டப் போகிறோம்.

கட்டுரையை நேற்றே அனுப்பிவிட்டேன். முதல் பெயர் உங்களுடையது. வேண்டாம் என்று எழுதாதீர்கள், திருத்த முடியாது. இரண்டாவது நான். நன்றிப் பகுதியில் அண்ணனின் பிரிட்ஜ் கம்பி இருக்கிறது.

ஆணை ரத்தாகி எழுத்தில் வர வேண்டும். தபால் 31-ஐத் தாண்டிவிடக் கூடாதே என்பதுதான் இப்போது என் ஒரே பயம்.

உங்கள்,
சின்னவள்


செப்டம்பர் 1

என் சின்னவளுக்கு,

நேற்று மாலை நாலரை மணி வரை ஒன்றும் வரவில்லை. பொறுப்பாளர் மழைமானிப் பொறுப்பை எனக்கு எழுதிக் கொடுக்கத் தாள் எடுத்துவிட்டார், எழுதத்தான் மனம் வரவில்லை, பேனாவை உதறிக்கொண்டே இருந்தார். நாலே முக்காலுக்குத் தபால்காரர் சைக்கிளை ஸ்டாண்டு போடாமல் கீழே சாய்த்துவிட்டு ஓடி வந்தார். "பிரியுது பிரியுதுன்னு கத்தினீங்களே, அதுக்கு வந்திருக்குன்னு நெனைக்கிறேன்!" என்றார். மேலிடத்து உறை. பொறுப்பாளர் படித்தார், பிறகு என்னிடம் நீட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நிறுத்தும் ஆணை ரத்து!

கட்டுரையின் நகலும் வந்தது. என் பெயரை நானே நாலு தடவை படித்தேன். உன் அண்ணன் நகலைக் கடையில் கண்ணாடிக்குக் கீழே வைத்துவிட்டார், பிரிட்ஜ் கொடுக்க வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டுத்தான் பிரிட்ஜைக் கொடுக்க வேண்டுமாம். உனக்கு இனி நான் எழுதிய கோபத்துக்கெல்லாம் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. அந்தக் கோபம் இல்லாவிட்டால் நாற்பத்திரண்டாம் பக்கத்தை நான் எதற்குப் படித்திருக்கப் போகிறேன்?

இன்று பகல் முறை என்னுடையது. கேஸ்காரர் சொல்லாமலே இருப்பதிலேயே நல்ல பலூனாகப் பார்த்து எடுத்து நிரப்பியிருந்தார். நான் பலூனை ஏந்திக்கொண்டு மைதானத்துக்கு வந்தால் எல்லாரும் வேலையைப் போட்டுவிட்டு வாசலில் நிற்கிறார்கள், இன்று விடுமுறையில் இருக்க வேண்டியவர்கள்கூட. கடற்காற்று லேசாக இருந்தது. ஓடினேன், விட்டேன், பெட்டி கையை விட்டு எழும்பியது. யாரோ கை தட்டினார்கள், பிறகு எல்லாரும் தட்டினார்கள். அதற்காக என்ன கை தட்டுவது, தினம் செய்கிற வேலைதானே என்று சொல்ல நினைத்தேன், அதற்குள் சிக்னல் வரத் தொடங்கிவிட்டது, எழுத உள்ளே ஓடினேன். முப்பத்திரண்டு கிலோமீட்டர் போய் வெடித்தது. இந்த வருடத்தில் இதுதான் அதிக உயரம்.

தாளைத் திருப்பிப் பார்க்காதே, பார்த்தாலும் பயப்படாதே. "செப்டம்பர் ஒன்று முதல் இந்நிலையத்தில் பலூன் விடுதல் நிறுத்தப்படுகிறது" என்று வந்த பழைய ஆணையின் பின்பக்கத்தில்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். கெட்டித் தாள், மை ஊறவே இல்லை. வீணாக்குவானேன்?

உன் அண்ணி